சித்தப்பாவின் துண்டில் விழுந்த கறுப்பு

எங்கள் அத்தைக்குத் துணி துவைக்கப் பிடிக்காது. மற்றவர்கள் துவைத்துப் போட்டதை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் குறை கண்டுபிடிக்க மட்டும் ரொம்பப் பிடிக்கும். அப்படி ஒரு நாள் காலையில் அவள் தூக்கிப் பிடித்த துணிதான் சித்தப்பாவின் துண்டு. அதில் இரண்டு விரல் அகலத்துக்கு வளைவாக ஒரு கறுப்புக் கறை இருந்தது. அத்தை அதை நகத்தால் சுரண்டினாள். கறை போகவில்லை. கறை இருந்த இடத்தில் நூல் இற்றுப்போய்த் துணியே கையோடு வந்துவிட்டது.

அத்தை என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்காள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். வெள்ளைப் புடவையும் வாயும்தான் அவள் கொண்டுவந்த சொத்து என்று அம்மா அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பாள். நைனாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அவருக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. சின்னம்மா ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவிலிருந்து வந்தவள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்தினாலும் சத்தம் வெளியே வந்துவிடும். எனக்கு அவளைப் பார்த்த நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் இருந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்மேட்டில் எங்கள் குப்பம். குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். நைனா வலை போடப் போவார். சித்தப்பா படகு தள்ளுகிறவர். கோட்டையில் ஏற்றுகிற சரக்கை முகத்துவாரம் தாண்டி, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் துணி மூட்டைகள். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, தொட்டால் வழுக்குகிற துணி என்று அந்தப் படகில் போகாத துணி இல்லை என்பார்கள். அதில் ஒரு நூல்கூட எங்கள் இடுப்புக்கு வந்ததில்லை.

ஒரு துண்டில் கறை விழுந்ததற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். எங்களுக்கு அது வெறும் துண்டின் விஷயமில்லை. உப்புத் தண்ணீரில் வலை இற்றுப்போகாமல் இருக்க ஏரிச் சேற்றில் வளரும் கண்டல் மரத்துப் பட்டையை இடித்துப் பெரிய பானையில் கொதிக்கவைத்து, அந்தச் சாயத்தில் வலையை முக்கி எடுப்போம். குப்பத்துக்கே ஒரே பானை. வலைகள் முடிந்ததும் மிச்சச் சாயத்தில் ஆண்களின் கோவணமும் துண்டும் முங்கும். அதனால் எங்கள் ஆண்கள் எல்லோரும் ஒரே செம்மண் நிறத்தில் திரிவார்கள். அந்தச் சாயத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இரும்பால் கிளறக்கூடாது, கண்டல் கொம்பால்தான் கிளற வேண்டும். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. வீட்டுக்கு விலக்கான பெண்ணின் நிழல்கூடப் படக்கூடாது. மீறினால் சாயம் திரிந்து, வலை கடலில் இற்றுக் கிழியும். வலை கிழிந்தால் குப்பமே பட்டினி.

போன சாய நாளில் பானைக்குத் தண்ணீர் ஊற்றியவள் சின்னம்மா. அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

"ஏண்டி, அன்னிக்கு நீ சுத்தமாத்தானே இருந்தே?" என்று கேட்டாள். கேட்கும்போதே பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சத்தியமா சுத்தமாத்தான் இருந்தேன்க்கா" என்றாள் சின்னம்மா.

சித்தப்பாவிடம் கேட்டபோது, எங்கேயோ பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் அவர் அப்படித்தான் இருந்தார். முன்பெல்லாம் படகிலிருந்து வந்ததும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்கச் சுற்றுவார். அந்த வருஷம் வந்ததும் குளிப்பார், குளித்துவிட்டு மறுபடி குளிப்பார், சோறு போட்டால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். சோறு என்றால் நெல்லுச் சோறு. மேற்கே மழை பொய்த்து, வயல்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு கோட்டைப் பக்கம் வந்து கஞ்சிக்குக் குந்தியிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் மட்டும் கூழ் போய்ச் சோறு வந்திருந்தது. படகுக்காரர்களுக்குக் கோட்டையில் அரிசி கொடுத்தார்கள். கஞ்சிக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் அங்கே காணப்படவில்லை. ஊரில் மழை பெய்திருக்கும், திரும்பிப் போயிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விஷயம் நாட்டார் காதுக்குப் போயிற்று. குப்பத்துக்குத் தலைவரை நாட்டார் என்போம். சித்தப்பா தள்ளுகிற படகும் அவருடையதுதான். நல்ல மனிதர், அவசரப்பட மாட்டார். புதுத் துண்டு ஒன்றைப் புதுச் சாயத்தில் முக்கிச் சித்தப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். சின்னம்மா அதைத் தொடக்கூடாது, அத்தையே துவைக்க வேண்டும். அதில் கறுப்பு விழாவிட்டால் பழைய சாயத்தைக் கெடுத்தவள் சின்னம்மாதான் என்று ஆகும், விழுந்தால் காரணம் வேறு. எதுவானாலும் அமாவாசையன்று ஊர் கூடி முடிவு சொல்லும்.

விழுந்தது. அத்தை தானே துவைத்த துண்டில், அதே வளைவாக, அதே இரண்டு விரல் அகலத்தில்.

சின்னம்மா தொடவே இல்லையே, அப்படியானால் அவள்மேல் குற்றமில்லை என்றுதானே ஆகிறது என்று எனக்குப் பட்டது. பெரியவர்களின் கணக்கு வேறாக இருந்தது. தொட்டால்தான் கறுக்கும் என்று நினைத்திருந்தோம், தொடாமலே கறுக்கிறது, இவள் நாம் நினைத்ததைவிட மோசம் என்றார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலே ஆகாது, பசியாவரத்துக்கே அனுப்பிவிட வேண்டும், அதோடு திரும்பக் கூப்பிடக் கூடாது என்ற பேச்சு வந்துவிட்டது. குற்றம் சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணை அந்தத் தீவிலும் யாரும் சாயப் பானைப் பக்கம் விடமாட்டார்கள். வேறு யாரும் கட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். சின்னம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் வாசலில் தனியாக இலை போட்டுச் சாப்பிட்டாள்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. அத்தை மீன் அரிந்து முடித்ததும் அரிவாள்மணையைக் கழுவி, துரு ஏறாமல் இருக்க ஒரு கந்தலால் ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். கந்தல் என்பது நைனாவின் பழைய சாயத் துண்டில் கிழித்தது. ஒரு நாள் விளையாடப் போகிற அவசரத்தில் துடைக்காமல், ஈரக் கந்தலை அரிவாள்மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அத்தை என் காதைத் திருகிக்கொண்டே கந்தலை எடுத்து எறிந்தாள். காது வலியோடு அதைப் பொறுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அரிவாள் பட்ட இடத்தில் நேர்கோடாக ஒரு கறுப்பு. நகத்தால் சுரண்டினேன். நூல் இற்று வந்தது.

இரும்பால் கிளறக்கூடாது என்பதை ஏன் என்று கேட்காமல் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று அன்றைக்குத் தெரிந்தது. சாயம் தோய்ந்த துணியில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுக்கும், கறுத்த இடம் இற்றுப்போகும். சின்னம்மாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கப் போனபோதுதான் இன்னொன்று இடித்தது. சித்தப்பாவுக்கு இரும்பு எங்கே பட்டது?

எங்கள் படகில் ஓர் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு வைத்துக் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு அலையில் அடிபட்டால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். நங்கூரம் கல். வலைக்குக் கட்டுவது சுட்ட மண் குண்டு. குப்பம் முழுக்கத் தேடினாலும் அரிவாள்மணையும் கத்தியும் தூண்டில் முள்ளும்தான் இரும்பு. அதில் எதுவும் வளைவாக, இரண்டு விரல் அகலத்தில் இல்லை.

சித்தப்பாவையே கேட்டிருக்கலாம். அவரைக் கேட்டால் பதில் வராது என்று அந்த வருஷம் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அதனால் ஒரு பிற்பகல், அம்மாவிடம் சொல்லாமல், ஒரு கலயத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். கடல் ஏறி முகத்துவாரத்தில் போதுமான தண்ணீர் வரும்வரை படகுகள் அங்கே காத்திருக்கும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது, சுழல் இருக்கிறது என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். சுழலைப் பார்க்கும் ஆசையும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

சுழல் எதுவும் இல்லை. கண்டல் புதருக்குப் பின்னால் எங்கள் படகு நின்றது. நிழலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தான். படகில் துணி மூட்டை இல்லை. ஆட்கள் இருந்தார்கள். வயல்காட்டு ஆட்கள், எலும்பும் தோலுமாக, நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கணுக்காலிலும் இரண்டு விரல் அகலத்தில் இரும்பு வளையம். ஒருவர் வளையத்தை அடுத்தவர் வளையத்தோடு கம்பியால் கோர்த்திருந்தார்கள். படகின் அடியில் கசிந்து தேங்கிய உப்புத் தண்ணீரில் அந்தக் கால்கள் ஊறிக்கொண்டிருந்தன.

சித்தப்பா படகுக்குள் குந்தியிருந்தார். அவருக்கு எதிரில் என் உயரத்தில் ஒரு பெண். வளையம் உரசி அவள் கணுக்கால் தோல் உரிந்து போயிருந்தது. சித்தப்பா தன் துண்டை மடித்து, வலிக்காமல் மெல்ல மெல்ல, வளையத்துக்கும் காலுக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கலயத்தை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். சித்தப்பாவுக்கென்று கொண்டுவந்த கஞ்சியை அவள் மூச்சுவிடாமல் குடித்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குடித்து முடித்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள்.

"இங்கேருந்து ரொம்ப தூரமா?"

"கிட்டதான்" என்றேன். "சித்தப்பா காத்தால போனா சாயங்காலம் வந்துடுவாரு. நீயும் வந்துடுவே."

அவள் தலையாட்டினாள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். புறப்படும்போது என்னிடம், "வீட்ல சொல்லாதே கண்ணு" என்றார். அந்த வளையங்கள் எதற்கு என்று நான் அவரிடம் கேட்கவும் இல்லை, ஏனென்றால் எனக்கே தெரியும் என்று நினைத்தேன். ஆட்டைப் படகில் ஏற்றினால் அலையைக் கண்டு குதித்துவிடாமல் இருக்கக் காலைக் கட்டுவோம். வயல்காட்டுக்காரர்களுக்கு நீந்தத் தெரியாது. தவறி விழுந்துவிடாமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அமாவாசை வந்தது. யாரும் கடலுக்குப் போகாத நாள். வலை காயப்போடும் மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றிருந்தார்கள். அத்தை இரண்டு துண்டுகளையும் விரித்துக் காட்டினாள். சின்னம்மா காலடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. முடிவு வருவதற்கு முன்பே அவளே கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"உன் பக்கத்துல சொல்றதுக்கு இன்னாம்மா கீது?" என்று கேட்டார் நாட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல, நாட்டாரே. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள் சின்னம்மா. அழாமல் சொன்னாள். சித்தப்பா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பார், இப்போது திறப்பார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். நாட்டார் தொண்டையைக் கனைத்தார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி அரிவாள்மணையையும் அந்தக் கந்தலையும் தூக்கிக்கொண்டு வந்து ஆண்களுக்கு நடுவில் வைத்தேன். சிலர் சிரித்தார்கள். கந்தலை அரிவாள்மேல் விரித்து, கோடு எங்கே விழுந்தது, எப்படி இற்றது என்று காட்டினேன். சிரிப்பு அடங்கியது. நாட்டார் கந்தலை வாங்கிச் சித்தப்பாவின் துண்டோடு வைத்துப் பார்த்தார்.

"கறுப்பு ஒண்ணுதான்" என்றார். "ஆனா நம்ம படகுல ஆணியே கெடையாதே கண்ணு. இரும்பு எங்கேர்ந்து வரும்?"

"படகுல இல்ல. படகுல குந்திக்கினு கீறவங்க காலுல கீது. சித்தப்பா அவங்க காலுக்குத் துண்டை வெக்கிறாரு, நான் பாத்தேன்."

படகு தள்ளுகிற ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டார்கள். நைனாவும் குனிந்துகொண்டார். இத்தனை பெரிய ஆண்களைப் பதில் பேசவிடாமல் அடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அத்தைதான், "யாரு காலுல?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

நாட்டார் எழுந்துவிட்டார். "சாயத்துல குத்தம் இல்ல. இந்தப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல. எல்லாம் எழுந்து போங்க" என்றார். எந்தப் பஞ்சாயத்தும் அவ்வளவு சீக்கிரம் முடிந்து நான் பார்த்ததில்லை.

சின்னம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பினாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள். நான் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தேன். இனிமேல் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சோற்றைப் பார்த்தாள், வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அவங்கல்லாம் திரும்பி வர்றாங்களா?" என்று கேட்டாள்.

சித்தப்பா இல்லை என்று தலையசைத்தார்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே. என்னை அனுப்பிடறேன்னு சொன்னப்பவும் வாயத் தொறக்கலியே."

"சொன்னா இந்தச் சோத்தைத் துன்னுவியா?" என்றார் சித்தப்பா. "நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் தள்ளுவான். அவன் துணி வெக்க மாட்டான். என்கிட்டயும் ஒரு துண்டுதான் கீது, ஒருத்தர் காலுக்குத்தான் ஆவுது. கப்பல்ல ஏத்துறப்போ அதையும் புடுங்கி எறிஞ்சுடறானுங்க. எடுத்துக்கினு வந்து அடுத்தவங்களுக்கு வெக்கிறேன்."

சின்னம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. குற்றமில்லை என்று ஊரே சொன்ன பிறகு ஒரு பெண் எதற்காக அப்படி அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அவளுக்காகத்தானே அத்தனை பேர் நடுவில் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்?

மறுநாள் காலையில் அவள் தன் பெட்டியைத் திறந்து கூறைப் புடவையை எடுத்தாள். கல்யாணத்தன்று கட்டிய புடவை. அதை மடியில் போட்டு ஓரத்தைப் பல்லால் கடித்து, நீள நீளமாகக் கிழிக்கத் தொடங்கினாள். அம்மா "ஐயோ" என்று கத்திக்கொண்டு தடுக்க வந்தாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய வெள்ளைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து சின்னம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து கிழித்தாள். அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு வேலையைச் செய்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

இதில் ஒரு துணிக்கும் சாயம் போடவில்லை. சாயமில்லாத துணியில் கறுப்பு விழாது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதை அவர்கள் என் அரிவாள்மணையிலிருந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். படகின் ஓட்டையை அடைக்கத் துணி கிழிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண்ணின் காலுக்கு என்று சின்னம்மா சொன்னதும் எனக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் சிறிதாகிப்போன பாவாடை ஒன்று இருந்தது. ஓரத்தில் சிவப்புக் கரை. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவள் அதை உடுத்திக்கொண்டு கப்பலில் நிற்பதை மனதுக்குள் பார்த்துக்கொண்டேன்.

சின்னம்மா அதையும் கிழித்தாள்.

"உடுத்திக்கத்தானே கொடுத்தேன்! ஏன் கிழிச்சே?" என்று அழுதேன். அவள் சிவப்புக் கரையோடு வந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "காலை நீட்டு" என்றாள். நீட்டினேன். அந்தப் பெண் என்றைக்கோ போய்விட்டாள் என்பதும், அவள் உயரத்தில் இன்னும் எத்தனையோ பேர் கோட்டையில் இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. சின்னம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் துண்டை என் கணுக்காலில் சுற்றி, ஒரு சுற்று போதுமா, இரண்டு சுற்று வேண்டுமா என்று அளவு பார்த்தாள். அவள் விரல் பட்டு எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அழுகையை மறந்து சிரித்துவிட்டேன்.

"இன்னும் இறுக்கிக் கட்டணும் சின்னம்மா" என்றேன். "இல்லன்னா அவ ஓடுறப்போ அவுந்துடும்."